எதிருரை எழுதத் தெரியாதவர்கள்: வட சென்னையும் இலவசச் சட்ட உதவியும்

புரோநோட்டு வழக்கில் பத்து நாள்தான் கணக்கு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி போடப்படும் சுருக்கமுறை வழக்கில், சம்மன் கைக்கு வந்த பத்து நாளுக்குள் பிரதிவாதி கோர்ட்டில் தன் ஆஜரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் வாதி சொன்னதையெல்லாம் அவர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சாட்சியில்லை, குறுக்கு விசாரணையில்லை, நேராக டிகிரி. ஆஜரைப் பதிந்தாலும் வேலை முடிவதில்லை. வாதி அடுத்து ஒரு சம்மன் அனுப்புவார். அதிலிருந்து இன்னொரு பத்து நாளுக்குள், ‘எனக்கு எதிர்வாதம் இருக்கிறது, வாதாட அனுமதியுங்கள்’ என்று பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். இந்த விரைவு முறை எந்தெந்தக் கோர்ட்டுகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும்போது, சட்டம் நகர சிவில் கோர்ட்டுகளையும் சிறு வழக்குகள் கோர்ட்டுகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரண்டும் சென்னையில், உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இருக்கின்றன.

காசிமேட்டில் படகு என்ஜின் பழுதுபார்க்கக் கடன் வாங்கியவர், ராயபுரத்தில் லீஸ் பணத்தை வீட்டுக்காரரிடமிருந்து திரும்பப் பெற முடியாதவர், எண்ணூர் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை போனவர் ஆகியோரே இந்தக் கோர்ட்டுகளுக்கு வடக்கிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் வக்கீல் வைக்காமல் தானே நிற்பவருக்கு நம் சட்டம் என்ன உதவி தருகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழைக்கு வக்கீல் தர நம்மிடம் நல்ல சட்டம் இருக்கிறது. வக்கீல் வராத நாளில் அவரே தன் தாளைச் சரியாக எழுதிக் கொடுக்க உதவும் இடம் மட்டும் இல்லை. அந்த இடத்தை உருவாக்கப் புதுச் சட்டம் தேவையும் இல்லை.

முதலில், இருப்பதைப் பார்ப்போம். 1976இல் 42ஆவது திருத்தம் அரசமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்தது. பணமில்லை என்பதற்காக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பே, 1973இல், வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு இது பற்றி விரிவான அறிக்கை தந்திருந்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டு தூக்கத்துக்குப் பிறகு விழித்த அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் சட்டப் பணிகள் தினம் என்று கொண்டாடுகிறோம்.

அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவை வட சென்னைக்காரர் ஒருவர் தன் ஊரை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் என்று போகும் பட்டியலில் ‘தொழிற்சாலைத் தொழிலாளி’ என்று ஒரு தனி வரி உண்டு. இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. வரம்பு மற்றவர்களுக்குத்தான், தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். ராயபுரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் பெண் ஒருவர் பாகப் பிரிவினை வழக்குப் போட்டாலும் இலவச வக்கீல் கேட்கலாம். திருவொற்றியூர் டயர் ஆலையில் நிரந்தர வேலையில் இருப்பவரும் கேட்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் அதைக் கிரிமினல் கேஸுக்கானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு: வெள்ளம், பூகம்பம், தொழிற்சாலைப் பேரழிவு போன்றவற்றால் தன் தவறின்றி வறுமைக்குள் தள்ளப்பட்டவர். 2023 டிசம்பரை எண்ணூர் மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி வலை, படகு, அலையாத்தி எல்லாவற்றிலும் ஒட்டியது. அது காய்வதற்குள், 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் கடலோரத்தில் உர ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். எண்ணெய்க் கசிவுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் சுமார் 8.68 கோடி ரூபாய்: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, சேதமான 787 படகுகளுக்குத் தலா 10,000. ஒரு குடும்பத்தின் உண்மையான இழப்பு அதைவிட அதிகம் என்றால், மீதியைக் கேட்கும் வழி மனுவும் வழக்கும்தான். அப்படிக் கேட்க வருபவர் 12ஆம் பிரிவின் இந்த வரிக்குள் வருகிறார் என்பது என் வாசிப்பு. வெள்ளம், தொழிற்சாலைப் பேரழிவு என்று சட்டம் எழுதிய இரண்டும் ஒரே மாதத்தில் நேர்ந்த ஊர் இது. அங்கே இந்த வரியை ஒவ்வொரு மீனவர் கிராமப் பஞ்சாயத்துப் பலகையிலும் எழுதி மாட்டியிருக்க வேண்டும்.

உதவியின் வீச்சும் சிறியதல்ல. வக்கீல் மட்டுமன்றி, கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், நகல் வாங்கும் செலவு, மேல்முறையீட்டுக்கான மொழிபெயர்ப்பு ஆகியவையும் அதில் அடங்கும். வருமானத்துக்குப் பிரமாணப் பத்திரமே போதும் என்கிறது 13ஆம் பிரிவு.

இதோடு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளையை ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாதவர் கட்டாமலே வழக்குப் போட அது அனுமதிக்கிறது. ஆனால் அவர் மனுவை நேரில் கொண்டுவர வேண்டும். சொத்துப் பட்டியல் தர வேண்டும். கோர்ட்டின் தலைமை அலுவலர் அவருடைய வசதியை விசாரிப்பார். எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்குரைஞருக்கும் நோட்டீஸ் போகும். தான் ஏழைதான் என்று கூண்டில் நிரூபிக்க வேண்டும். கட்டணமே இல்லாத வழக்கானால், விலக்குப் பெற்ற சொத்து நீங்கலாக 1,000 ரூபாய் மதிப்புக்குச் சொத்து இருக்கக் கூடாது. 1976இல் வைத்த அந்த ஆயிரம் இன்றும் அப்படியே இருக்கிறது. 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு கம்பெனியும் இந்தக் கட்டளைப்படி வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது. வறியவருக்குக் கட்டிய வாசலில் வறிய கம்பெனி நுழைய முடிந்தது நல்லதா கெட்டதா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படியானாலும், 33ஆம் கட்டளையை நம்பி அலைவதைவிடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவது எளிது. தமிழ்நாட்டில் கட்டணச் சுமையும் முன்போல் இல்லை: 2017 திருத்தத்துக்குப் பிறகு சிவில் வழக்குகளுக்கான மதிப்புவாரிக் கட்டணம் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் ஆட்கள் தனியாக நிற்கிறார்கள்?

ஒரு காரணம் நேரம். சட்ட உதவி மனுவின் மீது ஏழு நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கின்றன 1987 சட்டத்தின்கீழ் வந்த 2010 விதிமுறைகள். பத்து நாள் கெடுவுள்ள வழக்கில், சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று நான்கு நாள் யோசித்தவருக்கு அந்த ஏழு நாளே அதிகம். இன்னொன்று, பட்டியல் வக்கீல் முறை. ஆணைக்குழுவின் பட்டியலிலுள்ள வக்கீல்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே, குறைந்த கட்டணத்துக்கு இதைப் பார்க்கிறார்கள். நல்லவர்கள் பலர் உண்டு. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா ஆள் மாறினால் கட்சிக்காரருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. 2022இல் முழுநேர ஊதிய வக்கீல்களை வைத்து ஒரு திட்டம் வந்தது. அதுவும் கிரிமினல் வழக்குகளுக்கு மட்டும். சிவில் பக்கம் பழைய முறையே தொடர்கிறது. மூன்றாவதாக, வரம்புக்குச் சற்று மேலே சம்பாதிக்கிற ஆண்கள்: ஆட்டோ ஓட்டுபவர், மீன் ஏலக்காரர், சின்னக் கடைக்காரர். இவர்களுக்கு இலவச வக்கீல் இல்லை. தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் பிடிக்கக் கையில் முன்பணமும் இல்லை.

தானே வாதாடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. 3ஆம் கட்டளையின் முதல் விதியே கட்சிக்காரர் நேரில் ஆஜராகலாம் என்கிறது. கீழமை நீதிமன்றங்களில் மொழித் தடையும் சட்டப்படி இல்லை. 1976இல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தித் தமிழை அங்கே நீதிமன்ற மொழியாக்கினார்கள். சட்டம் தமிழில் கிடைக்க வேண்டும் என்ற கவலை அதைவிடப் பழையது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான, அன்றைய மேல்முறையீட்டுக் கோர்ட்டான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவர்.

இடறுவது எழுத்தில்தான். சாதாரண சிவில் வழக்கில் எதிருரைக்கு, அதாவது வாதியின் பிராதுக்குத் தரும் எழுத்துப் பதிலுக்கு, 30 நாள், நீதிபதி நீட்டித்தால் 90 நாள். அதில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு 8ஆம் கட்டளை ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறது: வாதி சொன்ன ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாக, குறிப்பாக மறுக்க வேண்டும். மறுக்காதது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். தனியாக வருபவர் என்ன எழுதுகிறார்? ‘பிராதில் உள்ளது எல்லாம் பொய்’ என்று ஒரு வரி. பிறகு தன் கஷ்டம் மூன்று பக்கம். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், பிறகு தொகையை அவர்களே நிரப்பினார்கள் என்பார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, முத்திரையிட்ட வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அதை நிரப்பும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்று 118ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். அவர் எழுதியிருக்க வேண்டியது வேறு: எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினேன், யார் முன்னால், ஜிபேயில் போனது எத்தனை, வட்டியாகப் பிடித்தது எவ்வளவு. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி, நியாயமான பாக்கியைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியக் கேட்கவும் வழி இருந்தது. இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும். சொல்ல அங்கே ஆள் இல்லை.

கோர்ட் ஊழியரைக் கேட்டால் ‘உங்க வக்கீல்கிட்ட கேளுங்க’ என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வழக்குரைஞர் சட்டப்படி, பதிவு செய்த வக்கீல்தான் தொழில் நடத்தலாம். ஆலோசனை சொல்வதும் தொழிலில் சேர்த்தி என்று, வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களைப் பற்றி ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பிறந்தது. கோர்ட்டில் பதில் கிடைக்காதவர் ராஜாஜி சாலையில் கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகைப் பக்கம் போகிறார். அத்தகைய அலுவலக வாசல்களில் மனு எழுதித் தருபவர்தான் இன்றும் எளியவரின் முதல் சட்ட ஆலோசகர். பட்டா மனுவும் முதியோர் பென்ஷன் மனுவும் அவர் கைக்கு அத்துப்படி. எதிருரையைத் தொட்டால் அவர் சட்ட மீறலின் எல்லையில் நிற்கிறார்.

வக்கீல் அல்லாதவர் ஒருவர் ஏழைக்காகப் பேசும் மரபு வட சென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பகுதியில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அதன் தலைவர்கள் சிவில் கோர்ட்டை நேருக்கு நேர் சந்தித்தார்கள், பிரதிவாதிகளாக. பி.பி. வாடியா உள்ளிட்டோருக்கு எதிராக ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. பிறகு வந்த 1947 தொழில் தகராறு சட்டம் துணிச்சலான ஓர் ஏற்பாட்டைச் செய்தது. அதன் 36ஆம் பிரிவின்படி, தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி வாதாடலாம். வக்கீல் வர வேண்டுமானால் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: செக்யூரிட்டி கேட்டிலிருந்து லேபர் கோர்ட் வரை கோப்பைச் சுமந்தது யூனியன் ஆபீஸ்தான். பள்ளிப் படிப்போடு நின்ற சங்கச் செயலாளர்கள் நிலையாணை விதிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

முதலாளிகள் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 1976இல் பாரதீப் துறைமுகக் கழக வழக்கில், முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாக இருப்பவர் வக்கீலாகவும் இருந்தால் அந்த நிர்வாகி என்ற முறையில் ஆஜராகலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதோடு சமநிலை சரிந்தது. 36ஆம் பிரிவின் இடத்துக்கு இப்போது 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இதைவிடப் பெரிய சரிவு, நிரந்தரத் தொழிலாளி குறைந்து காண்ட்ராக்ட் ஆள் பெருகியது. அவருக்கு யூனியனும் இல்லை, வக்கீலும் இல்லை.

நடுவில் ஒரு வழி இருக்கலாம் என்பதைப் பிற நாடுகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1970இன் மெக்கன்சி வழக்கிலிருந்து, வக்கீலில்லாதவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், காதோடு சொல்லித் தரலாம். எழுந்து வாதாட மட்டும் கூடாது. அங்கே 2013இல் சிவில், குடும்ப வழக்குகளுக்கான சட்ட உதவியைக் கடுமையாக வெட்டியபோது தனியாக நிற்பவர் கூட்டம் பெருகியது என்பதையும் மறக்கக் கூடாது. உதவியாளரை வக்கீலுக்கு மாற்றாக்கினால் அரசு கையைக் கழுவிக்கொள்ளும். கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் கோர்ட்டே தன்னுதவி மையம் நடத்துகிறது. அச்சிட்ட படிவம் தந்து எங்கே என்ன எழுத வேண்டும் என்று காட்டுகிறார்கள், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று மட்டும் சொல்வதில்லை.

நம்மிடம் படிவம் இல்லையா? இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தோடு ‘ஏ’ முதல் ‘எச்’ வரை பின்னிணைப்புகள் உண்டு. ‘ஏ’வில் பிராது மாதிரிகள், முதல் மாதிரியே கொடுத்த கடனைக் கேட்பதுதான், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பொருந்தும் இடத்தில் இந்தப் படிவங்களையே பயன்படுத்த வேண்டும் என்று 6ஆம் கட்டளை சொல்கிறது. முக்கியமான விவரம் மட்டும், சுருக்கமாக, சாட்சியத்தைக் கலக்காமல் எழுது என்கிறது. பிராதுகள் நாற்பது பக்கமாகப் பெருத்தது சட்டத்தின் குற்றமல்ல. அந்த மாதிரிகளைத் தெளிவான தமிழில் அச்சிட்டுக் கோர்ட் வாசலில் வைத்தால் யாரும் தடுக்க முடியாது.

உதவ ஆளும் இருக்கிறது. 1987 சட்டம் ‘சட்டப் பணி’ என்பதற்குத் தந்த வரையறையில், வழக்கு நடத்துவதோடு எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை சொல்வதும் அடங்கும். சட்ட உதவி மையங்களுக்கு 2011 விதிமுறைகள் உள்ளன. சட்டத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஒரு பட்டியல் வக்கீலின் மேற்பார்வையில் இரண்டு தன்னார்வலர்கள் வாரத்தில் மூன்று மாலை ஒரு மேசையில் உட்கார்ந்தால், சம்மனைப் படித்துக் கெடு சொல்லலாம், ஆஜர் குறிப்பு எழுதித் தரலாம், எதிருரையில் பத்தி பத்தியாக மறுக்கச் சொல்லித் தரலாம். எல்லா வழக்குக்கும் இது போதாது. பாகப் பிரிவினை, பட்டா சிக்கல், எண்ணெய்க் கசிவு இழப்பீடு போன்றவற்றுக்கு வக்கீலே வேண்டும்; அத்தகைய வழக்கோடு வருபவர்களை அந்த மேசையே ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். மின்சாரம், குடிநீர், காப்பீடு, மருத்துவமனை பற்றிய புகாரானால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைக் காட்டலாம். அங்கே சிவில் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கட்டுப்படுத்தாது. ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறில் சமரசம் ஏற்படாவிட்டாலும் அதுவே தீர்ப்பளிக்கும். தனியாக வருபவருக்கு இதைவிட எளிய இடம் நம் அமைப்பில் குறைவு.

மாலை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பகலில் வந்தால் ஒரு நாள் கூலி போகும். தூரம் முன்போல் தடையல்ல; 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். ஆனால் ஆணைக்குழுவின் கதவு பாரிமுனையில், அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கிறது. வடக்கே ஒரு மேசை வேண்டும்: திருவொற்றியூர் மண்டல அலுவலகத்திலோ காசிமேட்டிலோ எண்ணூரிலோ, ஷிப்ட் முடிந்து வருபவருக்கு ஏற்ற நேரத்தில். சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இதைத் தன் அதிகாரத்திலேயே செய்ய முடியும். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

அது வரும்வரை இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் யாருக்காவது சிவில் கோர்ட் சம்மன் வந்தால், வாங்கிய தேதியை அந்த உறையின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். அன்றே 15100 என்ற தேசியச் சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தின் வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கமுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு அழைத்துப்போங்கள். ஏற்கெனவே ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகியிருந்தாலும், அதை நீக்கக் கோரி மனுப் போட டிகிரி தேதியிலிருந்து முப்பது நாள் உண்டு. முறைப்படி சம்மனே வரவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாள்.